பக்கத்துக் கட்டில்

முன்னாள் ராணுவத்தினரிடம் போரைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். எந்த எல்லையில் இருந்தோம், எந்த மாதம் திரும்பினோம், அவ்வளவுதான். அதே மனிதரிடம் ரெக்ரூட்டாகப் போன முதல் வாரத்தில் லங்கர் என்ற பட்டாளச் சமையல்கூடத்தில் என்ன போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொள்வார். பருப்பின் தண்ணீர்த்தன்மையில் தொடங்கி, சமையல்காரரின் ஊர், அவர் கரண்டியை எந்தக் கையில் பிடிப்பார், இரண்டாவது முறை சோறு கேட்டால் எப்படி முறைப்பார் என்பது வரை வந்துவிடும்.

மாதத் தொடக்கத்தில் மிலிட்டரி கேன்டீன் வாசலில் நின்றால் இந்தப் பேச்சு தானாகவே காதில் விழும். கார்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் பெரியவர்கள், முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும், முதலில் கேட்டுக்கொள்வது ரெஜிமென்ட்டை. அடுத்து எந்த வருடம். மூன்றாவது கேள்வி வருவதற்குள் இருவரும் ஏதோ ஒரு பேரக்கின் குளியலறைக்குள் போயிருப்பார்கள். எந்தக் குழாயில் தண்ணீர் வராது, எந்த ஹவில்தாருக்கு எந்தப் பட்டப்பெயர் என்று.

1962 சீனப் போருக்குப் பிறகு இந்தியத் தரைப்படை வேகமாகப் பெருக்கப்பட்டது. தமிழ்நாட்டு கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அப்போது பட்டாளத்துக்குப் போனார்கள். வேலூர் பக்கத்திலுள்ள கம்மவான்பேட்டை போல, வீட்டுக்கு ஒருவரையாவது அனுப்பியதாகப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஊர்களும் இங்கே உண்டு. அன்று பதினெட்டு, இருபது வயதில் போனவர்களில் இன்று இருப்பவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் போட்ட சண்டை படைப்பிரிவு வரலாறுகளில் அச்சாகியிருக்கிறது. வாங்கிய பதக்கங்களுக்கு ஆவணம் இருக்கிறது. அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை எந்தக் கோப்பிலும் இல்லை. அது அவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் இப்போதே எழுத வேண்டியிருக்கிறது.

வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கட்டிய கூடம்

தமிழ்நாட்டுப் பட்டாளத்துக்காரர்களின் பேரக் நினைவுகளில் அதிகம் வரும் ஊர் வெலிங்டன். குன்னூரிலிருந்து மூன்று கிலோமீட்டர். ஆறாயிரம் அடிக்கு மேல் உயரம். ஜெகதளா என்ற படுகர் ஊரை ஒட்டிய மலைச்சரிவில் 1852இல் பேரக் கட்டத் தொடங்கினார்கள். 1860இல்தான் அந்த இடத்துக்கு வெலிங்டன் என்று பெயர் வைத்தார்கள். சமவெளியின் வெயிலிலும் காய்ச்சலிலும் வாடிய ஆங்கிலேயச் சிப்பாய்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ளத்தான் அந்த இடம்.

அந்த அக்கறைக்குக் காரணம் இருந்தது. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படைகளின் சுகாதாரத்தை ஆராய 1859இல் அமைத்த அரச ஆணையம் 1863இல் அறிக்கை கொடுத்தது. ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 69 பேர் என்ற கணக்கில் இங்கே ஆங்கிலேயச் சிப்பாய்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் குண்டடிபட்டு அல்ல. காலராவில், வயிற்றுப்போக்கில், காய்ச்சலில். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அந்த அறிக்கைக்காகப் படை முகாம்களிலிருந்து வந்த கணக்குகளையெல்லாம் உட்கார்ந்து அலசினார். நெரிசலும் கெட்ட தண்ணீரும் கழிவும்தான் ஆளைக் கொல்கின்றன என்று எழுதினார். பழைய கன்டோன்மென்ட்களில் இன்றும் நிற்கும் பேரக்குகளுக்கு அவ்வளவு உயரமான கூரை, சுற்றிலும் அகலமான வராந்தா, எதிரெதிர் ஜன்னல்கள் இருப்பதற்குப் பின்னால் இந்தச் சாவுக் கணக்கு இருக்கிறது.

அந்தக் காலத்தில் நம்மூர்ச் சிப்பாய்க்கு இந்தக் கூடங்களில் இடமில்லை. அவனுக்குக் குடிசை போட்டுக்கொள்ளக் கொஞ்சம் பணம் கொடுப்பார்கள். மண்சுவரும் கூரையுமாக வரிசையாகத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் 1758இல் ஆங்கிலேயத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் காலத்தில் தொடங்கியது என்று அதன் வரலாறு சொல்கிறது. அப்படிப்பட்ட பழம்பெரும் படையின் சிப்பாய்கள் நூறாண்டுக்கு மேலாக இப்படித்தான் தங்கினார்கள்.

1947இல் மதுக்கரையிலிருந்த மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் வெலிங்டனுக்கு மலையேறியது. வெள்ளைக்காரச் சிப்பாய் உடம்பு தேறுவதற்கென்று கட்டிய கூடங்களில் ராமநாதபுரத்து, தர்மபுரி, பாலக்காட்டு, சித்தூர் பையன்கள் கட்டில் போட்டுப் படுத்தார்கள். பின்னாளில் அந்தப் பேரக்குக்கு, 1955 முதல் 1957 வரை தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் ஸ்ரீநாகேஷின் பெயரை வைத்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்ததற்கு எத்தனையோ அடையாளம் சொல்வார்கள். எனக்கு அந்தக் கட்டில்கள் மாறியது பெரிய அடையாளமாகத் தெரிகிறது.

முதல் குளிர்

அறுபதுகளில் அங்கே போன ஒரு பையன் பெரும்பாலும் மேட்டுப்பாளையம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து மலை ரயிலிலோ பஸ்ஸிலோ ஏறியிருப்பான். தகரப்பெட்டி ஒன்று, அதில் இரண்டு சட்டை, அம்மா கட்டிக்கொடுத்த பலகாரம். ஸ்வெட்டர் என்ற ஒன்றை அதுவரை கண்ணால் பார்த்திருக்க மாட்டான். டிசம்பர், ஜனவரியில் வெலிங்டன் ரேஸ்கோர்ஸ் புல்வெளியில் உறைபனி படியும். விடியற்காலையில் வெறும் பனியனும் நிக்கருமாக பி.டி.க்கு ஃபால் இன் நிற்கும்போது பல்லும் பல்லும் அடித்துக்கொண்டதை அந்தத் தலைமுறையில் சொல்லாதவர் இல்லை. ஷேவ் செய்யும்போது தாடை மரத்துப்போய், வெட்டியது தெரியாமல் ரத்தம் காலரில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது என்பார்கள்.

முதல் நாளே தலைமுடி போய்விடும். வரிசையாக உட்காரவைத்து மெஷினை ஓட்டுவார்கள். சிவாஜி கிராப்போ, எம்.ஜி.ஆர். சுருளோ, ஆசையாக வளர்த்தது அத்தனையும் ஒரே குவியலில் கலந்து கிடக்கும். அன்று மாலை கண்ணாடி பார்த்தவர்களுக்குத் தங்களையே அடையாளம் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவனைப் பார்த்தாலும் அதே தலை, அதே நிக்கர். சிரிப்பதா அழுவதா தெரியாமல் இருந்த அந்த முதல் மாலையில்தான் பல நட்புகள் தொடங்கியிருக்கின்றன.

பேரக் என்பது நீளமான ஒரு கூடம். இரண்டு பக்கமும் வரிசையாகச் சார்பாய் கட்டில்கள், நடுவில் நடைவழி. கட்டிலின் தலைமாட்டிலோ கால்மாட்டிலோ கறுப்பு டிரங்குப் பெட்டி. அதன்மேல் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர், ரேங்க், பெயர். அந்தக் கட்டிலும் அந்தப் பெட்டியும்தான் ஒருவனுக்குச் சொந்தமான உலகம். கதவு கிடையாது, திரை கிடையாது. யாருக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது, யாருக்கு வரவில்லை, யார் இரவில் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினான் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாததுபோல இருப்பதுதான் அங்கே மரியாதை.

பூட்ஸில் முகம் பார்த்தவர்கள்

கிட் லேஅவுட் என்று சொன்னாலே பழையவர்கள் முதுகு நிமிர்ந்துவிடும். கட்டிலின்மேல் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் உண்டு. கம்பளியைச் செங்கல்போல் விளிம்பு பிடித்து மடிக்க வேண்டும். அதன்மேல் அல்லது முன்னால் மெஸ் டின், எனாமல் மக், சீப்பு, ஷேவிங் பிரஷ், ஊசிநூல் பை, காலுறை. அத்தனையும் ஒரே கோட்டில். கூடத்தின் ஒரு முனையில் நூலைப் பிடித்து மறுமுனை வரை இழுத்து, எந்தக் கட்டிலில் மக் அரை அங்குலம் தள்ளியிருக்கிறது என்று பார்ப்பார் பயிற்சி கொடுக்கும் உஸ்தாத். தள்ளியிருந்தால் மொத்தமும் தரையில் பறக்கும். திரும்ப முதலிலிருந்து.

பூட்ஸ் தனி வித்தை. அடியில் ஆணி அடித்த அந்தக் கால அம்யூனிஷன் பூட்ஸின் தோல் கரடுமுரடாக இருக்கும். அதைக் கண்ணாடியாக்க வேண்டும். பழைய துணியை ஆள்காட்டி விரலில் இறுக்கிச் சுற்றி, கிவி பாலிஷைத் தொட்டு, ஒரு சொட்டு தண்ணீரோ எச்சிலோ சேர்த்து, மூக்குப் பகுதியில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். அழுத்தக் கூடாது, அழுத்தினால் முன்பு ஏற்றிய பாலிஷ் உரிந்துவிடும். ஓர் அடுக்கு ஏறியதும் அடுத்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் இதுதான் வேலை. பித்தளை பக்கிளுக்கும் தொப்பியில் குத்தும் யானைச் சின்னத்துக்கும் பிராஸோ. அசாயே போரின் நினைவாக வந்த அந்த யானையின் தும்பிக்கை மடிப்பில் பிராஸோ வெள்ளையாக உறைந்து நின்றுவிட்டால் மறுநாள் பரேட்டில் பிடிபடுவது நிச்சயம். தீக்குச்சியைக் கூராகச் சீவி அந்த வெள்ளையை எடுப்பார்கள்.

கேட்பவர்களுக்கு இது வெட்டி வேலையாகத் தோன்றலாம். செய்தவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அந்த ஒரு மணி நேரத்தில்தான் பேச்சு நடந்தது. விரல் தானாகச் சுற்றிக்கொண்டிருக்க, ஊர்க்கதை, சினிமாக்கதை, அத்தை மகள் கதை எல்லாம் அப்போதுதான். ரைபிளும் அப்படித்தான். சாயந்திரம் கோத் என்ற ஆயுத அறையில் திருப்பிக் கொடுப்பதற்கு முன் .303இன் குழலுக்குள் புல்த்ரூ கயிற்றில் துணித் துண்டைக் கட்டி இழுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். 1962க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எஸ்.எல்.ஆர். வந்தது. ஆனாலும் முதலில் தோளில் தாங்கிய .303இன் உதையைத்தான் பலரும் இன்றும் தோளைத் தொட்டுக் காட்டிச் சொல்கிறார்கள்.

ஒரே வரிசை, ஒரே கரண்டி

சாப்பாட்டுப் பேச்சில் ருசி குறையும். அதற்குள் வேறொன்று இருக்கும்.

தட்டும் மக்கும் எடுத்துக்கொண்டு லங்கரில் வரிசையில் நிற்க வேண்டும். முன்னால் இருப்பவன் யார், பின்னால் இருப்பவன் யார் என்று பார்த்து நிற்க முடியாது. பிகில் ஊதிய பிறகு யார் முதலில் ஓடிவந்தானோ அவன் முன்னால். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் எத்தனை தமிழ்நாட்டு ஊர்களில் டீக்கடையில் தனி கிளாஸ் இருந்தது என்று நமக்குத் தெரியும். ஒரு தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாமல் வளர்ந்த பையனும், அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த பையனும், ஒரே கரண்டியில் விழுந்த சாம்பாரை அடுத்தடுத்து உட்கார்ந்து சாப்பிட்டது பலருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. மெட்ராஸ் ரெஜிமென்ட் ஒரு சாதிக்கோ ஒரு மொழிக்கோ உரிய படையாக இல்லை. தென்னிந்தியர் அத்தனை பேரும் கலந்துதான் அதன் கம்பெனிகள். சாதி அங்கே முற்றிலும் மறைந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். பேரக்கில் தோளில் கைபோட்டவன் லீவில் ஊருக்கு வந்ததும் தெருமுனையில் பார்வையைத் திருப்பிக்கொண்டதும் நடந்திருக்கிறது. அந்த வலியைச் சொல்லும் முன்னாள் ராணுவத்தினரும் இருக்கிறார்கள். ஆனால் மிலிட்டரிக்காரர் என்ற பெயரோடும் பென்ஷனோடும் திரும்பிய பலர், ஊரில் பழையபடி குனிய மறுத்தார்கள். அந்த நிமிர்வுக்கு முதல் பாடம் லங்கர் வரிசையில் கிடைத்தது.

சிப்பாயின் உடம்பில் சாதி அடையாளத்தை அழிக்கும் வேலையைப் பட்டாளம் ஒருமுறை அடாவடியாகச் செய்யப் பார்த்ததும் இதே மண்ணில்தான். புது வகைத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்று மெட்ராஸ் படையில் போட்ட உத்தரவுகள்தான் 1806 ஜூலை 10 அதிகாலை வேலூர்க் கோட்டையில் வெடித்தன. அன்று முதலில் தாக்கப்பட்டவற்றில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் தூங்கிக்கொண்டிருந்த பேரக்கும் ஒன்று. மேலிருந்து சுமத்தியபோது ரத்தம் சிந்தவைத்த ஒன்று, நூற்றைம்பது ஆண்டு கழித்து ஒரே பசியும் ஒரே வரிசையுமாக வந்தபோது சத்தமில்லாமல் நடந்தது.

இன்னொரு நினைவும் இங்கே சேர்கிறது. படாகானா என்ற பெரிய விருந்தன்று ஆபீஸர்கள் வாளியும் கரண்டியுமாக வந்து ஜவான்களுக்குப் பரிமாறுவார்கள். எதிரே வந்தால் விறைத்து நிற்க வேண்டிய ஒருவர் குனிந்து, இன்னும் கொஞ்சம் கறி போடட்டுமா என்று கேட்டதை ஐம்பது வருடம் கழித்தும் அந்த ஆபீஸரின் பெயரோடு சொல்கிறார்கள்.

எழுதிக்கொடுத்த கடிதங்கள்

அறுபத்தைந்தில் தமிழ்நாட்டுத் தெருக்களில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்தபோது, பேரக்கில் இருந்த தமிழ்ப் பையன்கள் ஆங்கில எழுத்தில் எழுதிய இந்தியை உருப்போட்டுக்கொண்டிருந்தார்கள். சாவ்தான், விஷ்ராம் என்ற கட்டளைகள் காதில் ஏறி, கால்கள் தாமாகச் சேர்ந்தும் விலகியும் நிற்கப் பழகிய பிறகுதான் அர்த்தம் புரிந்தது. ஓய்வு நேரத்தில் மலையாளியிடம் பேசும்போது தமிழில் பாதி, மலையாளத்தில் பாதி. மூத்தவரைத் தமிழன் சேட்டா என்றும், மலையாளி அண்ணே என்றும் கூப்பிட்டுப் பழகினார்கள். 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்ற ரெஜிமென்ட்டின் போர்முழக்கத்தை மட்டும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்குப் பேரக்கில் தனி மதிப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் கட்டிலைச் சுற்றி நாலைந்து பேர் இன்லேண்ட் லெட்டரோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் தன் மனைவிக்குச் சொல்ல வேண்டியதை இன்னொருவன் காதில் சொல்ல, அவன் எழுதுவான். சொல்லக் கூச்சப்பட்டு விட்டதை எழுதுபவனே ஒரு வரி சேர்த்துவிடுவதும் உண்டு. பதில் வந்தால் படித்துக்காட்டுவதும் அவன்தான். ஆக ஒரு பேரக்கின் அத்தனை குடும்பங்களும் அந்த ஒரு கையெழுத்தில்தான் பேசிக்கொண்டன.

தந்தி வேறு விஷயம். அப்பாவுக்கு உடம்பு மோசம், உடனே புறப்படு என்று வந்தால் உண்மையா, லீவுக்காக வரவழைத்ததா என்று முதலில் ஒரு சந்தேகம் கிளம்பும். பொய்த் தந்திகள் நிறைய வந்ததால் உண்மைத் தந்திக்கும் லீவு தாமதமானது. அப்படித் தாமதமாகிப் போய், அப்பாவின் காரியத்துக்கு மறுநாள் வீட்டு வாசலில் இறங்கியவர்கள் அதைப் பேசும்போது இன்றும் குரல் மாறுகிறது. 2013 ஜூலையில் தந்தி சேவையையே நாடு மூடிவிட்டது. அந்த வாசல் அவர்களுக்கு மூடவில்லை.

எல்லாமே இனிப்பான நினைவு என்று சொன்னால் பொய்யாகிவிடும். ரகடா என்ற தண்டனையில் முழங்கை தோல் உரியத் தரையில் உருள விட்டிருக்கிறார்கள். முதுகில் பித்து மூட்டையோடு மைதானத்தைச் சுற்ற விட்டிருக்கிறார்கள். ஒருவன் செய்த தப்புக்குக் கூடம் முழுக்கத் தண்டனை வாங்கியிருக்கிறது. தாங்க முடியாமல் ராத்திரியோடு ராத்திரியாக மலை இறங்கி ஓடிப்போனவர்கள் உண்டு. ஓடுகாலி என்ற பொருளில் பகோடா என்று அவர்கள் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட பழி ஊர் வரை துரத்தியிருக்கிறது. அவர்களும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள்தான். முன்னாள் ராணுவத்தினர் கூட்டங்களில் அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் வருத்தம் அதுதான். அந்தக் காலியான கட்டிலும் பேரக்கின் கதையில் சேர வேண்டும்.

பேரக்கைப் பார்க்காத பெண்கள்

குடும்பத்தோடு தங்கும் குவார்ட்டர்ஸ் அந்தக் காலத்தில் சிலருக்குத்தான் கிடைத்தது. அதற்கும் நீண்ட காத்திருப்பு. பெரும்பாலான ஜவான்கள் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும் பேரக் கட்டிலிலேயே சர்வீஸை முடித்தார்கள். வருடத்துக்கு இரண்டு மாத லீவு. அந்த இரண்டு மாதத்தில்தான் கல்யாணம், காதுகுத்து, கூரை மாற்றுவது, வயல் தகராறு எல்லாமே. குழந்தைக்கு அப்பாவின் முகம் பழகும்போது லீவு முடிந்திருக்கும்.

ஜம்முவிலோ பஞ்சாபிலோ இருந்து ரயில்வே வாரன்ட்டில் புறப்பட்டு, டெல்லியில் ஜி.டி. எக்ஸ்பிரஸ் பிடித்து, நாள்கணக்கில் பயணம் செய்து கறுப்புப் பெட்டியோடு ஒருவர் ஊர் பஸ்ஸிலிருந்து இறங்குவார். பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி நிற்பார்கள். கம்பளி, சால்வை, அப்பாவின் நண்பர்களுக்கென்று துணிக்குள் சுற்றிய ரம் பாட்டில், பிள்ளைகளுக்கு லங்கரில் செய்த ஷக்கர்பாரா. பெட்டியைத் திறந்ததும் வரும் அந்துருண்டையும் பாலிஷும் கலந்த வாசனைதான் தங்களுக்குத் தெரிந்த அப்பா என்று பட்டாளத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள் சொல்வதுண்டு. அவர்களின் அம்மாக்களோ, கணவர் பதினைந்து வருடம் தூங்கி எழுந்த கூடத்தை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள். ஆனால் அங்கே பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவரின் ஊரும், அவர் பெண்டாட்டி பெயரும், அவர் பிள்ளைக்கு எப்போது அம்மை போட்டது என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. கடிதம் வழியாக இரண்டு கிராமத்துப் பெண்கள் நேரில் பார்க்காமலேயே சம்பந்தியான கதைகூட இந்த வழியில் நடக்கக்கூடியதுதான்.

யார் கேட்கப் போகிறார்கள்?

பேரக்குகள் நிற்கின்றன. சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் பதினெட்டாம் நூற்றாண்டின் கிங்ஸ் பேரக் இருக்கிறது. வெலிங்டனில் பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. இப்போது அங்கே ஓடுபவர்கள் அக்னிவீரர்கள். நான்கு ஆண்டுக்குப் பிறகு நான்கில் ஒருவர்வரைதான் நிரந்தரப் பணியில் தொடர முடியும். அவர்கள் கையில் மொபைல் இருக்கிறது. கடிதம் எழுதிக்கொடுக்கும் கட்டில் இனி தேவைப்படாது. கட்டடங்கள் ராணுவத்தின் பயன்பாட்டில் இருப்பதால் இடிந்துபோகாது என்று நம்பலாம். அவற்றுக்குள் வாழ்ந்தவர்களின் பேச்சுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

லண்டனிலுள்ள இம்பீரியல் வார் மியூசியம் 1970களிலிருந்தே சாதாரணச் சிப்பாய்களின் குரலை ஒலிநாடாவில் பதிவுசெய்து வைத்திருக்கிறது. என்ன சாப்பிட்டாய், எங்கே படுத்தாய் என்பது வரை கேட்டிருக்கிறார்கள். நம் ஊரில் அதற்குப் பெரிய கட்டடம் வேண்டியதில்லை. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. வாழ்நாள் சான்றுக்கும் உதவித்தொகைக்கும் பெரியவர்கள் அங்கே வந்து பெஞ்சில் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு நேரத்தில் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் மொபைலில் ரெக்கார்டரை ஓடவிட்டு உட்கார்ந்தால் போதும். எந்தப் போரில் இருந்தீர்கள் என்று ஆரம்பிக்க வேண்டாம். உங்கள் கட்டில் கூடத்தில் எத்தனையாவது, வலது பக்கம் யார், இடது பக்கம் யார், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கட்டும்.